கோடு பென்சிலில் இருக்கும்போதே வாருங்கள்

மின்தொடரமைப்புக் கழகத்தின் திட்டப் பிரிவிலும், உயர் மின்னழுத்தப் பாதை அமைக்கும் மற்ற நிறுவனங்களிலும் பணிபுரியும் பொறியாளர்களுக்கு,



எந்தத் துணைமின் நிலையத்திலிருந்து எந்தத் துணைமின் நிலையத்துக்கு எத்தனை கே.வி.யில் பாதை வேண்டும் என்று சென்னை அண்ணா சாலை 144-ஆம் எண் கட்டடத்திலும் அதுபோன்ற இடங்களிலும் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவர்கள் நீங்கள். உங்களில் ஒருவரைக்கூட எங்கள் ஊர்க்காரர்கள் நேரில் பார்த்ததில்லை. தோட்டத்துக்குள் வருகிறவர்கள் வேறு ஆட்கள். முதலில் ஒப்பந்தக்காரரின் சர்வேயர், அப்புறம் தளப் பொறியாளர், அப்புறம் தாசில்தார், கடைசியில் போலீஸ். எங்கள் கோபமெல்லாம் அவர்கள் மேல்தான் விழுகிறது. கோடு போட்டவர் ஒருவர், திட்டு வாங்குகிறவர் இன்னொருவர். அதனால்தான் இந்த மடலை நேராக உங்களுக்கே எழுதுகிறேன்.

கோவைக்கும் காங்கயத்துக்கும் நடுவே தென்னையும் கொஞ்சம் மேட்டாங்காடும் வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். மின்பாதையே வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை. விருதுநகரிலிருந்து கோவைக்கு, அரியலூரிலிருந்து கோவைக்கு என்று 765 கே.வி. பாதைகள் உங்கள் திட்டத்தில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். இவை முடிந்தால் அடுத்தது வரும். ஊர் வளர்கிறது, வந்துதான் ஆகும். எனக்கு இருக்கும் வழக்கு ஒன்றே ஒன்று: நீங்கள் வேலை செய்கிற வரிசை தப்பு. நிலத்துக்காரனிடம் முதலில் வரவேண்டிய நீங்கள் கடைசியில் வருகிறீர்கள்.

அந்த வழக்குக்குப் போகும் முன், எங்களுக்கு மின்சாரத்தின் அருமை தெரியாது என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கொங்கு மண் மின்கம்பியால் வாழ்ந்த மண். 1932-இல் பைக்காராவில் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியதும் நீலகிரியிலிருந்து கம்பி இறங்கி வந்தது. கோவையில் நூற்பாலைகள் வரிசையாக எழுந்தது அதற்குப் பின்னால்தான். ஏற்றம் இறைத்த கிணற்றில் மோட்டார் உட்கார்ந்ததும் அதே கம்பியால்தான். மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடி, 1970-இல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் செத்தார்கள். யூனிட்டுக்கு ஒரு பைசா என்பது எங்கள் அப்பன் பாட்டன் காலத்தில் உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. மின்சாரத்தை நாங்கள் அலட்சியமாக நினைத்த காலம் ஒன்று இல்லவே இல்லை.

2012-ஐ இங்கே யாரும் மறக்கவில்லை. பகலில் பாதி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லை. சோமனூரிலும் பல்லடத்திலும் விசைத்தறிச் சத்தம் நின்று போனது. திருப்பூரில் பனியன் கம்பெனிகள் டீசல் ஜெனரேட்டரை ஓட்டியே லாபத்தைத் தொலைத்தன. வடக்கில் எங்கேயாவது மின்சாரம் மிச்சம் இருந்தாலும் வாங்கிக் கொண்டுவரப் போதிய கம்பி இல்லை. தெற்கு மண்டலம் நாட்டின் மற்ற பகுதியோடு ஒரே கட்டமைப்பாக இணைந்ததே 2013 டிசம்பர் 31 அன்று, ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கே.வி. பாதை வந்த பிறகுதான். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு 1,700 கிலோமீட்டருக்கு மேல் நீளும் 800 கே.வி. நேர்மின் பாதை, 6,000 மெகாவாட் சுமக்கும் திறனோடு வந்ததும் அந்தப் பஞ்சத்தின் தொடர்ச்சிதான்.

இன்றைய கதை வேறு. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. உற்பத்திக்கு இப்போது வடக்கை மட்டும் பார்க்க வேண்டியதில்லை. ஆரல்வாய்மொழியிலிருந்து கயத்தாறு வரைக்கும், பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு உடுமலை, பூளவாடி, கேத்தனூர் வரைக்கும் காற்றாலைகள் நிற்கின்றன. கமுதிப் பக்கம் சூரியத் தகடுகள். ஆனி ஆடியில் காற்று அள்ளிக் கொடுக்கும்போது, எடுத்துச் செல்லக் கம்பி போதாமல் காற்றாலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வருகிற கூத்தையும் பார்த்துவிட்டோம். தெற்கே விளையும் மின்சாரத்தை மேற்கே இருக்கும் ஆலைக்குக் கொண்டுவர வேண்டும். மின்னழுத்தத்தை இரண்டு மடங்காக்கினால் அதே மின்சாரத்துக்கு ஓட்டம் பாதியாகும், கம்பிச் சூட்டில் போகும் இழப்பு காலாகும். பத்துச் சின்னப் பாதைகளுக்குப் பதிலாக ஒரு பெரிய பாதை போதும். உங்கள் கணக்கில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கணக்கு தாளில் இருக்கிறது. கோபுரம் நிற்பது தரையில். அங்கே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பக்கத்தில் வந்து பாருங்கள்.

400 கே.வி. இரட்டைச் சுற்றுப் பாதைக்கு 46 மீட்டர் அகலம் வேண்டும். 765 கே.வி. இரட்டைச் சுற்றுக்கு 67 மீட்டர். தாளில் இது சின்னத் தடம். எங்கள் பக்கத்தில் ஒரு சராசரிக் குடும்பத்திடம் இருப்பது இரண்டு ஏக்கர். சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு 90 மீட்டர். நடுவில் 400 கே.வி. போனால் பாதி நிலம் போகிறது. 765 போனால் நாலில் மூன்று பங்கு. மிச்சம் இரண்டு பக்கமும் வரப்பு மாதிரி ஒட்டிக்கொண்டு கிடக்கும். கிலோமீட்டருக்கு எத்தனை ஏக்கர் என்று போட்டால் முதலாவதற்குப் பதினொன்று, இரண்டாவதற்குப் பதினாறரை. ஏக்கருக்கு எழுபது தென்னை என்று வையுங்கள். பெருக்கிப் பார்க்கிற வேலை உங்களுக்குப் பழக்கமானது.

கோபுரத்தின் கால் பிடிக்கும் இடம் மூன்று சென்ட்டோ ஐந்து சென்ட்டோதான். பத்திரிகைச் செய்திகளில் அதைத்தான் சொல்வார்கள்: "வெறும் ஐந்து சென்ட் இடம்". அந்த ஐந்து சென்ட்டை நாங்கள் பெரிதாக நினைப்பதில்லை. கம்பிக்குக் கீழே இருக்கும் நிலத்தைப் பற்றித்தான் பேச்சு. அங்கே தென்னை நடக்கூடாது, வீடு கட்டக்கூடாது. சோளமோ நிலக்கடலையோ போட்டுக்கொள்ளலாம் என்பார்கள். போடலாம், தண்ணீர் இருந்தால்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஆயிரம் அடிக்குக் கீழேயிருந்து. திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து தன் மாஸ்ட்டைத் தூக்கி நிறுத்தினால்தான் போர் போட முடியும். 400 கே.வி. கம்பி இரண்டு கோபுரங்களுக்கு நடுவே தொய்யும் இடத்தில் தரைக்கும் கம்பிக்கும் விதிப்படி குறைந்தபட்ச இடைவெளி 8.84 மீட்டர், அதாவது 29 அடி. எந்த ரிக் டிரைவர் அதன் கீழே மாஸ்ட்டை ஏற்றுவான்? எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் ஒருவருக்கு இப்படித்தான் ஆனது. நீரோட்டம் பார்த்தவர் குறித்துக் கொடுத்த புள்ளி கம்பியின் நிழலில் விழுந்தது. வண்டி வந்தது, டிரைவர் இறங்கி மேலே பார்த்தார், ஒரு டீ குடித்தார், திரும்பிப் போய்விட்டார். அதைவிட மோசம், ஏற்கெனவே இருக்கும் போர்வெல்லின் மேல் கம்பி வருவது. உள்ளே இருக்கும் மோட்டார் என்றைக்காவது எரியத்தான் எரியும். அப்போது குழாயைக் கழற்றிக் கழற்றி மேலே தூக்க வேண்டும், ஒவ்வொன்றும் இருபது அடி. தூக்கும் வண்டியின் கை அதற்கும் மேலே போகும். சித்திரை வெயிலில் கம்பி சூடேறி இன்னும் இறங்கியிருக்கும். உங்கள் நஷ்ட ஈட்டுப் படிவத்தில் மரம், பயிர், கிணறு எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. இனிமேல் மோட்டார் தூக்க முடியாத கிணற்றுக்குக் கட்டம் இல்லை.

கம்பிக்குக் கீழே டியூப்லைட்டைக் கையில் பிடித்தால் எரிகிறது என்று எங்கள் ஆட்கள் டி.வி.க்காரர்களுக்குக் காட்டினார்கள். அது உண்மைதான், மின்புலத்தால் எரிகிறது. அதை வைத்துக்கொண்டு புற்றுநோய் வரும், மாடு சினை பிடிக்காது என்று சிலர் மேடையில் பேசினார்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2002-இல் இத்தகைய காந்தப்புலத்தை "புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும்" என்ற சந்தேகப் பட்டியலில் வைத்தது. அதற்கு மேல் உறுதியாக ஒன்றும் நிரூபணமாகவில்லை. ஆனால் கம்பிக்குக் கீழே இருக்கும் கம்பிவேலியைத் தொட்டால் சுரீர் என்கிறது, அதை மண்ணோடு இணைத்து எர்த் செய்ய வேண்டும் என்பதை எங்களுக்குச் சொல்லித்தர எந்தப் பொறியாளரும் வரவில்லை. அந்த வெற்றிடத்தை வதந்தி நிரப்பியதற்கு அதுவும் ஒரு காரணம். அளவுமானியை எடுத்துக்கொண்டு வந்து, ஊர்க்காரர்கள் முன்னால் அளந்து, "இங்கே இவ்வளவு, வீட்டுப் பக்கம் இவ்வளவு, உலக அளவுகோல் இவ்வளவு" என்று சொல்லியிருந்தால் பாதிப் பேச்சு அடங்கியிருக்கும்.

இப்போது வரிசைக்கு வருகிறேன்.

உங்கள் வழக்கம் எனக்குத் தெரிந்தவரை இதுதான். மின்சாரம் எங்கே எவ்வளவு தேவை என்று முதலில் கணக்கு. பிறகு இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஒரு நேர்கோடு. அதை ஒட்டி மூன்று மாற்றுத் தடங்கள். செயற்கைக்கோள் படத்தில் ஊர், காடு, ஏரி, விமான நிலையம் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். அதன் அடிப்படையில் மதிப்பீடு, ஒப்புதல், டெண்டர். எத்தனை கோபுரம், எத்தனை டன் இரும்பு, எந்த வகைக் கோபுரம் எத்தனை என்று ஒப்பந்தப் பட்டியலில் ஏறிவிடுகிறது. பத்திரிகையில் ஒரு மூலையில் ஊர்ப் பெயர்களை அடுக்கி விளம்பரம் வருகிறது. அதில் சர்வே எண் இல்லை. எங்கள் ஊர்ப் பெயர் அதில் இருந்தாலும், ஊருக்குள் ஆயிரம் ஏக்கர் இருக்கிறது, யார் தோட்டம் என்று யாருக்குத் தெரியும்? ஒருநாள் காலையில் தண்ணீர் பாய்ச்சப் போனவன், பாத்திக்கு நடுவே சிவப்புப் பெயின்ட் அடித்த முளைக்குச்சியைப் பார்க்கிறான். அவனுக்கு அதுதான் முதல் தகவல்.

அவன் ஓடிப்போய்த் தளப் பொறியாளரிடம் கெஞ்சுகிறான்: "சார், முப்பது அடி மேற்கே தள்ளிப் போட்டால் வேலியோரமாகப் போய்விடும், கிணறு தப்பிக்கும்." அந்தப் பொறியாளர் பெரும்பாலும் நல்ல பையனாகத்தான் இருப்பார். ஆனால் அவரால் முடியாது. முப்பது அடி தள்ளினால் அங்கே கோடு வளையும். வளையும் இடத்தில் நேர்க்கோபுரம் தாங்காது. இரண்டு டிகிரி வரைக்கும் ஒரு வகை, பதினைந்து வரைக்கும் ஒரு வகை, முப்பது, அறுபது என்று வளைவு கூடக்கூட இரும்பும் அஸ்திவாரமும் கூடும். பட்டியலில் இல்லாத ஒரு வளைவுக் கோபுரத்துக்கு அவர் மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டும். மேலிடம் தணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டும். அதைவிட ஆட்சியரிடம் போய் ஆணை வாங்குவது சுலபம். ஆகவே ஆணை வருகிறது, பின்னாலேயே போலீஸ் வேன் வருகிறது.

விவசாயி பிடிவாதக்காரன் என்று நீங்கள் எழுதும் குறிப்புகளுக்குப் பின்னால் இருப்பது இந்த வரிசைதான். டெண்டருக்கு முன்னால் வந்திருந்தால் முப்பது அடி என்பது ரப்பரால் அழிக்கிற வேலை. டெண்டருக்குப் பின்னால் அதுவே நீதிமன்ற வழக்கு.

உங்கள் கையில் இருக்கும் ஆயுதம் 1885-ஆம் வருடத்துத் தந்திச் சட்டம். வெள்ளைக்காரன் தந்திக் கம்பம் நட எழுதிய சட்டம் அது. 2003-ஆம் வருட மின்சாரச் சட்டத்தின் 164-ஆம் பிரிவு அந்த அதிகாரத்தை மின்பாதைக்கும் எடுத்துக் கொடுத்தது. நிலத்தைக் கையகப்படுத்த வேண்டாம், சொந்தக்காரன் சம்மதம் வேண்டாம், பட்டா அவன் பெயரிலேயே இருக்கும், பயன்படுத்தும் உரிமை மட்டும் உங்களுக்கு. எதிர்த்தால் 16-ஆம் பிரிவின்படி ஆட்சியர் அனுமதி கொடுப்பார். இந்த நாட்டில் தந்தி அடிப்பதே 2013 ஜூலையில் நின்றுவிட்டது. 2023-இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்து பழைய தந்திச் சட்டத்தை நீக்கியபோதும், மின்பாதைக்கு மட்டும் அதன் மூன்றாம் பகுதி தொடரும் என்று தனியாக எழுதி வைத்துக்கொண்டார்கள். தந்தி போய்விட்டது, அதிகாரம் போகவில்லை. அதே சட்டத்தின் 10-ஆம் பிரிவு, முடிந்த அளவு குறைவான சேதத்தோடு வேலை செய்ய வேண்டும், ஏற்பட்ட சேதத்துக்கு முழு நஷ்ட ஈடு தர வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த வாக்கியத்தை எங்கள் ஊருக்கு யாரும் வாசித்துக் காட்டியதில்லை.

இந்தப் பகுதிக்கு இது முதல் அனுபவமும் இல்லை. 2013-இல் கெயில் எரிவாயுக் குழாய் ஏழு மேற்கு மாவட்டங்களின் தோட்டங்கள் வழியே வந்தது. நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகச் சொல்லி மாநில அரசே எதிர்த்தது. 2016-இல் உச்ச நீதிமன்றம் கெயிலுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2018-இல் புகளூரை மையமாக வைத்து உயர்மின் கோபுரங்கள் வந்தபோது, குழாய்ப் போராட்டத்தில் பழகிய அதே ஆட்கள் மறுபடியும் பந்தல் போட்டார்கள். அந்த டிசம்பரில் பல ஊர்களில் உண்ணாவிரதம் நடந்தது. கோபுரங்கள் எப்படியும் நின்றுவிட்டன. இரண்டு தரப்பும் ஒன்றுமே கற்றுக்கொள்ளாமல் கலைந்து போயின.

போராட்டத்தில் கேட்கப்பட்ட முக்கியக் கோரிக்கை, கம்பியைச் சாலையோரம் மண்ணுக்கடியில் கொண்டுபோங்கள் என்பது. முடியவே முடியாது என்று உங்கள் தரப்பில் சொன்னார்கள். அப்படிச் சொன்ன அதே சமயத்தில் புகளூரிலிருந்து திருச்சூருக்குப் போகும் 320 கே.வி. நேர்மின் பாதையைக் கேரளத்துக்குள் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் மண்ணுக்கடியில்தான் கொண்டுபோனார்கள். 2,000 மெகாவாட் பாதை அது, 2021 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கவும் பட்டது. பாலக்காடு தாண்டினால் மண்ணுக்கடியில் போகும் மின்சாரம் எங்கள் ஊரில் ஆகாயத்தில் மட்டும்தான் போகுமா என்று விவசாயி கேட்டதற்குப் பதில் வரவில்லை.

பதில் இருக்கத்தான் செய்கிறது, அதைச் சொல்லாததுதான் உங்கள் தவறு. நேர்மின்சாரத்தை நீண்ட தூரம் மண்ணுக்கடியில் அனுப்பலாம். மாறுமின்சாரம் அப்படியில்லை. கேபிளே ஒரு மின்தேக்கிபோல நடந்துகொள்ளும். 400 கே.வி.யில் சில பத்துக் கிலோமீட்டர் தாண்டினால் கேபிளை நிரப்பவே மின்னோட்டத்தின் பெரும்பங்கு போய்விடும், வழியில் ரியாக்டர் வைக்க வேண்டும், செலவு பல மடங்காகும். 800 கே.வி. நேர்மின் பாதைக்கு 1,700 கிலோமீட்டர் கேபிள் என்பதும் நடக்கிற காரியம் இல்லை. இதையெல்லாம் தமிழில், பொறுமையாக ஊர்க்கூட்டத்தில் சொன்னால் எங்களுக்குப் புரியும். போர்வெல்லுக்கு எத்தனை ஹெச்.பி. மோட்டார், எத்தனை ஸ்டேஜ், எத்தனை சதுர மில்லிமீட்டர் கேபிள் என்று கணக்குப் பார்த்து வாங்குகிற ஆட்கள் நாங்கள். முழுக்க மண்ணுக்கடியில் போக முடியாது என்பது உண்மையானால், ஊரை ஒட்டி வரும் இரண்டு மூன்று கிலோமீட்டருக்காவது போகலாம் என்பதும் உண்மை. சென்னைக்குள் 230 கே.வி. கேபிள்கள் மண்ணுக்கடியில்தான் ஓடுகின்றன. நகரத்து மனையின் விலைக்குக் காட்டுகிற மரியாதையைச் சில இடங்களில் தென்னந்தோப்புக்கும் காட்டலாம்.

வளைவைப் பற்றி இன்னொன்று சொல்லியாக வேண்டும். வளைந்தால் செலவு என்று எங்களிடம் சொல்கிற கோடு, கல்லூரி வந்தால் வளைகிறது. விற்பனைக்குப் பிரித்துப் போட்ட மனைப்பிரிவு வந்தால் வளைகிறது. கோழிப்பண்ணைக்காரர் பெரிய ஆளாக இருந்தால் அங்கேயும் ஒரு நெளிவு தெரிகிறது. கட்டடத்தைத் தவிர்க்க வேண்டும் என்ற விதி எனக்குத் தெரியும், அது நியாயமானதும்கூட. ஆனால் அந்த விதியின் முடிவு என்ன? கட்டடம் கட்ட வசதி இல்லாதவன் நிலம் எப்போதும் வெட்டவெளி. வெட்டவெளியில்தான் கோபுரம் வரும். ஒவ்வொரு வளைவுக்கும் ஏன் வளைந்தது என்று ஒரு வரி எழுதி வெளியில் ஒட்டுங்கள். ஒட்ட முடியாத காரணமாக இருந்தால் வளைக்காதீர்கள்.

புதுக் கோடு போடும் முன் பழைய கோட்டைப் பார்த்தீர்களா என்றும் கேட்கத் தோன்றுகிறது. எங்கள் பகுதி முழுக்க அறுபது, எழுபதுகளில் போட்ட 110 கே.வி. பாதைகள் ஓடுகின்றன. அவற்றுக்குக் கீழே இருக்கும் நிலம் ஏற்கெனவே சாகுபடிக்கு மட்டும் என்று பழகிவிட்டது. சூடு தாங்கும் புதுவகைக் கம்பியை மாட்டினால் அதே கோபுரத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு மின்சாரம் போகும். பழைய கோபுரத்தை எடுத்துவிட்டு அதே தடத்தில் நாலு சுற்றுக் கோபுரம் நிறுத்தலாம். சாலையோரத்தில் நாலு கால் கோபுரத்துக்குப் பதில் ஒற்றைத் தூண் நிறுத்தலாம். இதெல்லாம் நீங்கள் வேறு இடங்களில் செய்வதுதான். பழைய பாதையை வேலைக்காக நிறுத்தினால் அந்த நேரத்து மின்சாரத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. காற்றில்லாத மாதங்களில் பகுதி பகுதியாக நிறுத்தலாமே என்பது என் யோசனை, இல்லை என்றால் ஏன் இல்லை என்று சொல்லுங்கள்.

நஷ்ட ஈட்டில் முன்னேற்றம் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. மத்திய மின்துறை 2015 அக்டோபரில் கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பிக்குக் கீழே 15 சதவீதம் வரை என்று வழிகாட்டியது. 2024 ஜூனில் அது 200 சதவீதமாகவும் 30 சதவீதமாகவும் உயர்ந்தது. சதவீதம் கூடியது சரி, எதன்மேல் சதவீதம் என்பதில்தான் சிக்கல். பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்புக்கும் சந்தை விலைக்கும் எங்கள் ஊரில் எவ்வளவு தூரம் என்பது நிலம் வாங்கிய உங்களில் பலருக்கே தெரியும். கம்பி போன நிலத்தை வாங்க வருகிறவன் விலையை எந்த அளவுக்கு இறக்குகிறான் என்பதையும், பேங்க் மேனேஜர் அந்தப் பட்டாவை எப்படிப் பார்க்கிறார் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 30 சதவீதம் பாதிக்கும் வராது.

எங்கள் ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் ஒன்று வாடகை. மொட்டை மாடியில் செல்போன் கோபுரம் வைக்க இடம் கொடுத்தவனுக்கு மாதாமாதம் வாடகை வருகிறது. தோட்டத்தில் நூற்றைம்பது அடி மின்கோபுரத்துக்கு இடம் கொடுத்தவனுக்கு ஒரே ஒரு தடவை காசோலை. மின்பாதைக்கு ஒழுங்குமுறை ஆணையம் வைத்திருக்கும் ஆயுள் 35 வருடம். அத்தனை வருடமும் அந்தப் பாதையில் போகும் மின்சாரத்துக்குக் கட்டணம் வசூலாகிறது. அந்தக் கட்டணத்தில் ஒரு சிறு பங்கை நிலத்துக்காரனுக்கு வருடா வருடம் கொடுத்தால், அடுத்த தலைமுறையும் அந்தக் கோபுரத்தைத் தன் எதிரியாகப் பார்க்காது. இது உங்கள் அதிகாரத்துக்குள் இல்லை, அரசும் ஆணையமும் முடிவு செய்ய வேண்டியது என்பீர்கள். ஆனால் திட்ட அறிக்கை எழுதுகிறவர்கள் நீங்கள்தான். அதில் ஒரு பத்தி எழுதுவதை யாரும் தடுக்கவில்லை.

இலவச மின்சாரம் வாங்கிக்கொண்டே கோபுரத்தை எதிர்க்கிறார்கள் என்று உங்கள் அலுவலகங்களில் ஒரு பேச்சு இருப்பது எங்கள் காதுக்கும் வருகிறது. மாநிலத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகளுக்குக் கட்டணம் இல்லை, உண்மை. அந்த மின்சாரம் வருவது 11 கே.வி. கம்பியில். தோட்டத்து வழியே போகும் 765 கே.வி. கம்பியிலிருந்து அந்தத் தோட்டத்து மோட்டாருக்கு ஒரு யூனிட்டும் இறங்காது. பொதுக் காரியத்துக்கு நிலம் கொடுக்கிறோம், இலவசத்துக்குப் பதில் மொய் வைக்கவில்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். அடுத்த பாதைக்கான மூன்று மாற்றுத் தடங்கள் உங்கள் கணினியில் தயாரானதும், டெண்டர் போடும் முன், அவற்றைக் கிராமவாரியாகப் பிரித்து சர்வே எண்ணோடு அச்சடியுங்கள். தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. ஒரு சபையில் படத்தை விரியுங்கள், அடுத்த சபையில் முடிவைச் சொல்லுங்கள். நடுவில் இருக்கும் இரண்டு மூன்று மாதம் உங்களுக்கு வீண் போகாது. வழக்கிலும் போலீஸ் பாதுகாப்பிலும் வருடக்கணக்கில் போவதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். ஒப்பந்தப் பட்டியலில் வளைவுக் கோபுரங்களைக் கொஞ்சம் கூடுதலாகவே சேர்த்து வையுங்கள், தளப் பொறியாளர் கையைக் கட்டிப்போடாதீர்கள். நீங்களே வாருங்கள், ஒப்பந்தக்காரரை அனுப்பாதீர்கள். எல்லோரும் சம்மதிப்பார்கள் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஒரே ஊரில் அண்ணன் தோட்டத்திலிருந்து தம்பி தோட்டத்துக்குத் தள்ளச் சொல்லிச் சண்டை வரும். வரட்டும். அந்தச் சண்டை ஊருக்குள் நடந்து முடியட்டும், உங்கள் வேலைத்தளத்தில் வேண்டாம்.

எங்கள் பக்கத்துக் கடமையையும் சொல்லிவிடுகிறேன். எந்தக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, எந்தத் தோப்பு காய்ப்பு நின்று வெட்டப்போகிறது, எந்த வேலியோரம் புறம்போக்கு, எந்தக் கொறங்காட்டில் வெள்ளாமை இல்லை, மேய்ச்சல் மட்டும்தான் என்பதெல்லாம் செயற்கைக்கோள் படத்தில் தெரியாது. எங்களுக்குத் தெரியும். பட்டாவும் புலப்பட நகலும் எடுத்துக்கொண்டு சபைக்கு வருகிறோம். உங்கள் படத்தை எங்கள் படத்தின் மேல் வைத்துப் பார்ப்போம்.

வரும் கிராம சபைக்கே தேதி சொல்லுங்கள். ஊராட்சி அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்தால் போதும், கூட்டத்தை நாங்கள் கூட்டி வைக்கிறோம்.

இப்படிக்கு,
மேற்கு மாவட்டத்து விவசாயக் குடும்பத்தான் ஒருவன்